உடன் வந்தவர்

அவள் நெஞ்சுக்குள் ஓர் உலோக வால்வு இருந்தது. சத்தமில்லாத அறையில் பக்கத்தில் உட்கார்ந்தால் அது மூடித் திறப்பது காதில் விழும், மலிவான கைக்கடிகாரத்தைத் தலையணைக்கடியில் வைத்தது போல. அதனால் இதய நோய்ப் பிரிவில் அவளுக்குக் 'கடிகார அக்கா' என்று பேர் விழுந்துவிட்டது. முதலில் யார் வைத்தார்களோ தெரியாது. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முகப்பில் நின்று சிரிக்கிற வேலையல்ல. பின்னறையில் உட்கார்ந்து, வட்டமாக வருகிற வில்லையை ஃபிரேமின் அளவுக்குச் சாணை பிடித்துப் பொருத்துவது. கல்லின் மேல் நாளெல்லாம் தண்ணீர் சொட்டும். அவள் விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியே இருக்கும். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் இருப்பாள்.

அங்கே அவளைப் போல ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் அதே கட்டில்களில் படுத்துப் பிழைத்து எழுந்தவர்கள். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசுவதுதான் இவர்கள் வேலை. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, கழுத்தில் ஓர் அட்டை மட்டும். டாக்டர் ஒரு மணி நேரம் சொல்லியும் ஏறாதது, நெஞ்சில் தழும்பு உள்ளவர் இரண்டு வார்த்தை சொன்னால் ஏறும்.

அவள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "மயக்க ஊசி போட்டு எண்ணச் சொல்வாங்க. நான் ஆறு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் கண்ணைத் தொறந்தா எல்லாம் முடிஞ்சிருந்தது. தூங்கி எந்திரிச்ச மாதிரிதான்."

பிறகு, "கிட்ட வந்து கேட்டுப் பாருங்க" என்பாள். அவர்கள் கூச்சத்தோடு தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். ஒருமுறை ஒரு மளிகைக் கடைக்காரர் நெடுநேரம் கேட்டுவிட்டு, "இதுக்குச் சாவி குடுக்கணுமா?" என்றார்.

"மாசத்துக்கு ஒரு தடவ ரத்தம் எடுத்துக் குடுக்கணும். அதான் சாவி."

கடைக்காரர் சிரித்தார். மூன்று நாளாக வாயே திறக்காதவர் அவர். மறுநாள் காலை பேசாமல் போய் ஆபரேஷனுக்குப் படுத்துக்கொண்டார்.

தொண்டர்களில் அவளுக்கு ரொம்ப வேண்டியவர் டிரைவர் அண்ணன். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பைபாஸ் ஆகி எட்டு வருடம். வார்டில் அந்தக் கோடியில் பேசினால் இந்தக் கோடியில் கேட்கிற குரல். அவளை வாய் நிறையத் தங்கச்சி என்பார். அந்த முறைப்படி அவள் புருஷன் அவருக்கு மாப்பிள்ளை.

ஆறு வருடத்தில் அவள் அண்ணனிடம் ஒரே ஒரு தடவைதான் சத்தம் போட்டாள். பைபாஸுக்குக் காத்திருந்த ஒரு வாத்தியார் கழிப்பறையில் ஒளிந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல் அதை அண்ணனிடம் சொல்லி அழுதார். அண்ணன் நல்லது செய்வதாக நினைத்து வாத்தியாரின் மகனிடம் சொல்லிவிட்டார். மகன் வந்தான், வார்டில் எல்லோர் முன்னாலும் அப்பனை நிற்க வைத்துத் திட்டினான். வாத்தியார் கட்டிலுக்குப் போனார். சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைக்கூடத் தேடாமல், இறங்கிப் போய்விட்டார். திரும்பி வரவேயில்லை. என்ன ஆனாரென்று யாருக்கும் தெரியாது.

"பொண்டாட்டி புள்ளைகிட்ட சொல்ல முடியாததைத்தான் நம்மகிட்ட வந்து சொல்றாங்க" என்று அவள் தொண்டர்களின் அறையில் எல்லோர் எதிரிலும் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "அது நம்ம வாயிலேருந்து வெளிய போச்சுன்னா, நாளைக்கு இங்க ஒருத்தர் வாயைத் தொறப்பாரா? இனிமே இப்படிப் பண்றதா இருந்தா இந்தப் படி ஏறாதீங்கண்ணே."

அவ்வளவு பெரிய ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "தப்புதான் தங்கச்சி. இனி வாய்க்குப் பூட்டு."

வார்டின் பெரிய சிஸ்டர் அவள் சொன்னதை ஒரே வரியில் தட்டச்சு செய்து அந்த அறைச் சுவரில் ஒட்டிவிட்டார்: நோயாளி நம்மிடம் சொன்னது நம்மோடு நிற்க வேண்டும். அன்று மாலை வீட்டுக்குப் போய் அவள் புருஷனிடம் முழுக் கதையையும் சொன்னாள். சுவரில் காகிதம் ஏறியதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவன் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒல்லியாக, நெடுநெடுவென்று, குனிந்து நடப்பான். லிஃப்ட் கெட்டுப்போன இடத்துக்குத்தான் அவனைக் கூப்பிடுவார்கள். இயந்திர அறையோ மொட்டைமாடிக்குப் பக்கத்தில் இருக்கும். "ஊரையே மேல ஏத்தி விடறேன், என்னை ஏத்தி விட ஒரு பய இல்ல" என்பான். அது அவனுடைய பழைய நகைச்சுவை. கேட்டவர்களிடமே திரும்பவும் சொல்வான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வால்வு மாற்றியபோது அவன் ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை. அவள் மாத்திரைகளின் பேர் அவளுக்கு வாயில் நுழைவதற்குள் அவனுக்கு மனப்பாடம். ரத்தம் கட்டாமலிருக்க அவள் தினம் சாப்பிடுகிற மாத்திரையை இன்றுவரை அவன்தான் எடுத்து வைப்பான். ஆனால் அவள் தொண்டு செய்யப் போன ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அந்த மூன்றாம் மாடிக்கு அவன் வந்ததில்லை. வாசலில் இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிடுவான். "அந்த வாசனை எனக்கு ஒத்துக்காது" என்பான். ஆம்பளைகளுக்கு ஆஸ்பத்திரி என்றாலே அலர்ஜி என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்த வருடம் அவர்கள் மகள் பிள்ளை உண்டாகியிருந்தாள். மகளும் மருமகனும் ஒரு நாள் ரயில் தூரத்தில் வேறு ஊரில் இருந்தார்கள். பிரசவத்துக்கு அவள் போய் ஒரு மாதம் இருப்பதென்று முடிவாகியிருந்தது. கடையில் சொல்லியாயிற்று. பெட்டியில் குழந்தைக்கான துணிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன.

அந்த நாட்களில்தான் அவன் மாடிப்படித் திருப்பங்களில் நிற்க ஆரம்பித்தான். அவர்கள் வீடு இரண்டாம் மாடி. முதல் திருப்பத்தில் நின்று கைபேசியைப் பார்ப்பான். அவள் முன்னால் ஏறிப் போய்க் கதவைத் திறந்து, விளக்கைப் போட்ட பிறகுதான் அவன் காலடி கேட்கும்.

"என்ன, வயசாயிடுச்சா உங்களுக்கு?"

"லிஃப்ட் இல்லாத வீட்டை வாடகைக்குப் புடிச்சவன் எவன்?"

"நீங்கதான்."

"அதான் அனுபவிக்கிறேன்."

ஒரு நாள் வலது மணிக்கட்டில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தான். "கம்பி கீறிடுச்சு" என்றான். இரண்டு நாளில் கட்டைப் பிரித்தபோது அங்கே நீலம் பாரித்திருந்தது. கம்பி கீறினால் கோடு விழும், நீலம் பாரிக்காது. அவளும் பார்த்தாள், அதில் எதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. இன்னொரு நாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு நெஞ்சை நீவினான். "வாயு" என்றான். அவள் எழுந்துபோய் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். வாயு என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள் என்று செவ்வாய்தோறும் பத்துப் பேரிடமாவது சொல்கிறவள், வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் கடைக்கு போன் வந்தது. பேசியவர் ஓர் அலுவலகக் கட்டடத்தின் வாட்ச்மேன். ஏழாவது மாடிக்கு ஏறிய மெக்கானிக் ஒரு மணி நேரமாகியும் இறங்கவில்லை, போய்ப் பார்த்தேன், இயந்திர அறைக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டால் பதில் இல்லை, ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றார். அவள் சாணைக் கல்லை நிறுத்தினாளா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. கையில் பாதி தேய்த்த வில்லையோடு ஆட்டோ ஏறியிருக்கிறாள்.

கொண்டு வந்தது அதே ஆஸ்பத்திரிக்கு. தரைத்தளத்தில் அவசரப் பிரிவு. அவள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. கட்டடத்திலேயே முடிந்துவிட்டது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். இந்த மாதிரி வார்த்தைகளை மற்றவர்கள் கேட்கும்போது அவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அப்போதெல்லாம் அவர்கள் ஏன் தலையாட்டுகிறார்கள் என்று தோன்றும்.

மேலேயிருந்து பெரிய சிஸ்டர் இறங்கி வந்தார். அவர் கையில் ஒரு ஃபைல் இருந்தது. அவள் பார்வை அதில் போய் நின்றது. இதயப் பிரிவின் நீல ஃபைல். முனைகள் மடங்கி, ஓரம் நைந்து போயிருந்தது. இன்றைக்கு வந்த நோயாளியின் ஃபைல் இப்படி நைந்திருக்காது.

"யாருது சிஸ்டர் அது?"

சிஸ்டர் ஃபைலை முதுகுப்பக்கம் கொண்டுபோனார்.

"குடுங்க."

"அப்புறம் பாத்துக்கலாம்மா."

"குடுங்க சிஸ்டர்."

உள்ளே அவன் பேர். வயது. மூன்று ரத்தக் குழாய்களில் அடைப்பு. நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் எடுத்திருந்தார்கள். உடனே பைபாஸ் செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். நோயாளி அவகாசம் கேட்கிறார் என்று அதற்குக் கீழே. ஆஞ்சியோகிராமுக்குத் தனியாக வந்தால் எடுக்க மாட்டார்கள். 'உடன் வந்தவர்' என்ற இடத்தில், பஸ்ஸின் முன்பலகையில் ஊர்ப் பேர் எழுதுவதுபோலக் கொட்டை கொட்டையாக ஒரு கையெழுத்து. அதை அவள் ஆறு வருடமாகத் தொண்டர் பதிவேட்டில் பார்த்து வருகிறாள். பக்கத்தில் 'உறவுமுறை' என்ற கட்டத்தில் 'மச்சான்' என்று இருந்தது.

மகள் ஏழு மாத வயிற்றோடு வந்தாள். ஒரு வாரம் இருந்தாள். அம்மாவை அழ விடவில்லை என்று மகளுக்கு நினைப்பு. மகளை அழ விடவில்லை என்று இவளுக்கு நினைப்பு. அண்ணனும் வந்திருந்தார். ஆட்கள் உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், எல்லாம் முடிகிற வரை கூட்டத்தின் கடைசியில் நின்றார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

எல்லோரும் போன பிறகு அவனுடைய கருவிப் பையைத் திறந்தாள். ஃபியூஸ் போட்டு வைக்கிற தகர டப்பாவில், ஃபியூஸ்களுக்கு அடியில், மாத்திரை அட்டைகள் இருந்தன. நாக்குக்கடியில் வைக்கிறதும் இருந்தது. அவளுக்கு எது எதற்கென்று யாரும் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கே கிளம்பி அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணனின் மனைவி கதவைத் திறந்துவிட்டு, முகத்தைப் பார்த்ததும் சமையலறைக்குள் போய்விட்டார். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். அவள் உட்காரவில்லை.

"எப்படி உங்ககிட்ட வந்தாரு?"

"அவரா வரல தங்கச்சி. நான்தான் பாத்துட்டேன். மாத்திரை வாங்கப் போனேன், ஓ.பி. வரிசையில உக்காந்திருந்தாரு. செவ்வாய்க்கிழமைன்னா நீ இருப்பேன்னு புதன்கிழமையா வந்திருக்காரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சுப் போகப் பாத்தாரு. நான் கையப் புடிச்சு உக்கார வச்சேன்."

"அப்புறம்?"

"'உங்க ரூம்புல ஒரு காகிதம் ஒட்டியிருக்காமே, அது எனக்கும் உண்டா இல்லையா'ன்னாரு. நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. 'உண்டுன்னா பேசறேன், இல்லன்னா கையை விடுங்க'ன்னாரு."

சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டது.

"பொண்ணுக்குப் பிரசவம் முடியட்டும்னாரு. 'அவ போய் ஒரு மாசம் பேரப்புள்ளையோட நிம்மதியா இருக்கட்டும், திரும்பி வந்ததும் நானே சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கறேன்'னாரு. தேதிகூட வாங்கியாச்சு. நான் எவ்வளவோ சொன்னேன். ஏழு மாசம் தாங்குமான்னு கேட்டேன். 'தாங்கிக்கும்'னாரு, ஏதோ கயிறு தேய்ஞ்சதைச் சொல்ற மாதிரி."

"பயந்தாரா?"

அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பயந்தாரு. உனக்கு நெஞ்சைத் தைச்சப்புறம் ரத்தம் நிக்காம மறுபடியும் தொறந்தாங்களாமே. அதுக்கு ரெண்டாவது கையெழுத்து வாங்கினாங்களாம். மூணாம் நாள் உள்ள விட்டப்போ, கை ரெண்டையும் கட்டிலோட கட்டி, வாயில குழாயோட, முகமெல்லாம் வீங்கிப்போய் இருந்தியாம். நீதான்னு அவருக்கு அடையாளம் தெரியல. பக்கத்துக் கட்டில்ல யாரோ ஒரு பொம்பள, அங்க போய் நின்னுட்டாராம். அந்தம்மா காலைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டு இருந்தாராம். நர்ஸ் வந்து கூட்டிட்டு வந்து உன்னைக் காட்டினாங்களாம்."

அவளுக்கு இது தெரியாது. ஏழு வருடத்தில் அவன் சொன்னதில்லை, அவள் கேட்டதில்லை.

"நீ எல்லார்கிட்டயும் சொல்வியே, தூங்கி எந்திரிச்ச மாதிரின்னு. அதை உங்க வீட்லயும் சொல்வியாம். 'அவ சொல்றது நெசந்தான்'னாரு. 'அவ தூங்கினா. நான் தூங்கல'ன்னாரு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் நாற்காலியை நகர்த்தினார்; அதை அவள் தொடவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"தினம் போனை எடுப்பேன்மா. உன் பேரு வரைக்கும் வருவேன்."

"சொல்லியிருந்தா நான் உங்க மேல பாய்ஞ்சிருப்பேன். அவரு என் மேல கோவப்பட்டிருப்பாரு. ஆறு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் பேசாம இருந்திருப்பாரு. இருந்திருப்பாருண்ணே!"

"ஆமா" என்றார் அண்ணன். ஊரெல்லாம் கேட்கிற அந்தக் குரல் எங்கே போயிற்றோ. "வாத்தியார் விஷயத்துல சொல்லிக் கெடுத்தேன். இதுல சொல்லாம கெடுத்தேன். எது எப்பன்னு எனக்குத் தெரியல தங்கச்சி."

"தங்கச்சின்னு கூப்பிடாதீங்க."

அண்ணி இரண்டு தம்ளர் டீயோடு வந்து வாசற்படியில் நின்றார். அவள் அவரைத் தாண்டி வெளியே போனாள்.

அதன்பின் அண்ணன் தொண்டுக்குப் போகவில்லை. கழுத்து அட்டையைப் பெரிய சிஸ்டரிடம் கொடுத்துவிட்டாராம். அவளும் போகவில்லை. கடைக்குப் போனாள், வந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். மாத்திரையை அவளே எடுத்துச் சாப்பிட வேண்டியிருந்ததால் இரண்டு தடவை மறந்துபோனாள். ஒரு தடவை இரட்டிப்பாகச் சாப்பிட்டுவிட்டாள். கையில் எங்கு இடித்தாலும் கறுத்துக் கன்றியது.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் ஆசைப்பட்டபடி அவள் போய் ஒரு மாதம் இருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டினாள், துணி துவைத்தாள். அவனுடைய கைபேசியையும் எடுத்துப் போயிருந்தாள். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது, தினமும் சார்ஜ் மட்டும் போட்டு வைத்தாள். ஊர் திரும்பி நான்காம் நாள் காலை அதில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆஸ்பத்திரியின் கணினி அனுப்பியது. தங்களுக்கு நாளை அறுவை சிகிச்சை. காலை ஏழு மணிக்குள் வரவும். பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டு வரவும். உடன் ஒருவர் இருக்க வேண்டும்.

அவன் இறந்தது எந்தக் கணினிக்குத் தெரிந்ததோ, இந்தக் கணினிக்குத் தெரியவில்லை. அவள் அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். அன்று கடைக்குப் போகவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, எட்டு, ஒன்பது, பத்து என்று மணி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்நேரம் எண்ணச் சொல்லியிருப்பார்கள். இந்நேரம் திறந்திருப்பார்கள். மாலை நான்கு மணிவாக்கில் வெளியே வந்து, முடிந்தது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நாள் முழுக்க அப்படியே இருந்தாள். காத்திருப்பது என்றால் இதுதானா என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

மாதாந்திர ரத்தப் பரிசோதனையை எத்தனை நாள் தள்ளுவது? ஒரு செவ்வாய்க்கிழமை போனாள். பெரிய சிஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"எப்பம்மா வரப் போற? நாலு பேரு கேட்டாச்சு கடிகார அக்கா எங்கன்னு."

"வந்து என்ன சொல்லப் போறேன் சிஸ்டர்? தூங்கி எந்திரிச்ச மாதிரின்னு சொல்ல இனி வாய் வராது."

சிஸ்டர் வற்புறுத்தவில்லை. அவள் படி இறங்கப் போனாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு வரிசை நாற்காலிகள் உண்டு. ஆறு வருடமாக அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போய் வந்திருக்கிறாள். அன்று கடைசி நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். புறங்கையெல்லாம் பொடிப்பொடியான தீப்புள்ளிகள். வெல்டர் என்று பார்த்ததும் தெரிந்தது. கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றார், மூடியதும் உட்கார்ந்தார். பத்துத் தடவை பார்த்துவிட்டு அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள யாரு?"

"வீட்டுக்காரி. வால்வு."

"போய்ப் பாத்தீங்களா?"

"காலையில அஞ்சு நிமிஷம் விட்டாங்க."

"என்ன பாத்தீங்க?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று இரண்டு நாளாக எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். நீ என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, குழாய் என்றார். பிறகு கை கட்டியிருந்ததைச் சொன்னார். மனைவியின் தலைமுடியை யாரோ தலைமாட்டில் முடிச்சுப் போட்டு வைத்திருந்ததைச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அப்படி முடிந்து பார்த்ததேயில்லை என்றார். அரை மணி நேரம் பேசினார். அவள் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, "அப்புறம்?" என்றாள்.

கடைசியில் கேட்டாள். "உங்க உடம்பு எப்படி?"

"எனக்கென்ன?"

"படி ஏறினா மூச்சு வாங்குதா? நெஞ்சை இறுக்கிப் புடிக்கிற மாதிரி எப்பவாவது இருந்திருக்கா?"

அவர் அவளைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். இருந்தாலும் அவளோடு இறங்கிப் போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார். அதிகமாகத்தான் இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

வெல்டரின் மனைவி ஐந்தாம் நாள் இறந்துபோனார். சிஸ்டர் போன் செய்து சொன்னபோது அவள் கடையில் இருந்தாள். சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள். கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள், வெல்டர் போட்டார். எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டுவதைத் தவிர அவளுக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் போகிறாள். நோயாளிகளிடம் அல்ல, வாசல் நாற்காலிகளுக்கு. எல்லோருக்கும் அவளைப் பிடிக்கிறது என்று சொல்ல முடியாது. "நல்லா இருக்கறவங்களையும் நோயாளியாக்கத்தான் இந்தம்மா வருது" என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுந்து வேறு நாற்காலிக்குப் போனாள். போகட்டும் என்று இவள் இருந்துவிட்டாள்.

அந்தச் சுவர்க் காகிதத்தை எடுத்துவிடலாமா என்று பெரிய சிஸ்டர் ஒரு நாள் கேட்டார். அவள் அதன் எதிரே நெடுநேரம் நின்றாள். அது இல்லையென்றால் அவன் சொல்லியிருக்கவே மாட்டான். யாரும் கையைப் பிடித்து உட்கார வைக்காமல், ஆஞ்சியோகிராமும் எடுக்காமல் வீட்டுக்கு வந்திருப்பான். அது இருந்ததால் அவளுக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டில் எது என்று அவளால் இன்றுவரை முடிவு கட்ட முடியவில்லை. "இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள். சில நாட்களில் அதைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் போல வெறி வரும். அன்றைக்கெல்லாம் அந்த அறைக்குள் போகமாட்டாள்.

போன மாதம் அண்ணனைப் பார்த்தாள். தரைத்தளத்தில், ஓ.பி. வரிசையில், மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. தாண்டிப் போயிருக்கலாம். கால் போகவில்லை. நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தாள்.

"பேத்தி எப்படி இருக்கா?" என்றார், எதிரே பார்த்துக்கொண்டே.

"பல்லு வருது. கையில கெடச்சதையெல்லாம் கடிக்கறாளாம்."

"கடிப்பா. கடிக்கணும்."

"அண்ணி?"

"முட்டி வலி. படுத்தே இருக்கா."

அவர் அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. கூப்பிடுங்கள் என்று அவளும் சொல்லவில்லை. அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்து உள்ளே போனார். கதவு மூடும்வரை பார்த்துவிட்டு அவள் எழுந்தாள். மேலே வாசல் நாற்காலியில், தறிப் பட்டறையில் வேலை செய்கிற ஒரு பெண், புருஷனை உள்ளே அனுப்பிவிட்டுக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதாகச் சிஸ்டர் சொல்லியிருந்தார். அன்று லிஃப்ட் ஓடவில்லை. படியேறிப் போனாள்.